மழை நாட்கள் முப்பத்தொன்று

மழை வேண்டும் என்று நானே கேட்டது, வந்துவிட்டது, ஜன்னலில் அறைகிறது, வெளியே ஈரப்பதம் தொண்ணூற்றொன்று, இதைவிட நல்ல நாள் கிடைக்காது, ஏற்று அரசி, ஆயிரம் வோல்ட், இரண்டு நிமிடம் பொறு, மீட்டரைப் பார், எழுது. மீட்டரில் ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்கு மாடியில் கூட்டம், அதற்கு முன்னால் இருபதாயிரம் வரை ஏற்றிப் பார்த்து, பீங்கானில் கசிவு எவ்வளவு என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வா என்று இயக்குநர் பார்கவி மேடம் நேற்றே சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிக்குத்தான் கணினியைத் திறந்தேன், வேறு எதற்கும் இல்லை, சத்தியமாக வேவு பார்க்கப் போகவில்லை. பழைய அளவுகளைத் தேடிக்கொண்டு போனால் பக்கத்திலேயே அது இருந்தது, பெட்டி என்று நாங்கள் கூப்பிடுகிற கோப்பு. கடைசியாகத் திறந்தது ஆகஸ்ட் பதினேழு, மாலை நாலு பன்னிரண்டு. இன்றைக்குப் பதினோரு மணிக்கு, எல்லோர் முன்னாலும், முதல்முறையாகத் திறக்க வேண்டிய பெட்டி. அதற்கு இரண்டு சாவி, அதாவது இரண்டு கடவுச்சொல், ஒன்று என்னிடம், ஒன்று கூட வேலை பார்க்கிற சகாயத்திடம். நான் திறக்கவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், ஆகஸ்ட் பதினேழு அங்கேயேதான் இருந்தது. அப்புறம் கணினியை மூடிவிட்டு, சொன்ன வேலையைச் செய்ய இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாயிரம். இந்தப் பெட்டி விஷயத்தை என் தங்கையிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள், உங்க விடைய நீங்களே ஒளிச்சு வச்சு நீங்களே தேடுவியளாக்கும், இதுக்கா இத்தன படிப்பு. அவளுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னேன். பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற பிள்ளை நடுவில் ஒரு வரியை லேசாக வளைத்து அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். திருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகப் போகும். பெரிய பெரிய பட்டம் வாங்கினவர்களுக்கும் அதே கைதான். அதனால் கணினியே ஒரு எண்ணை எடுத்து யாருக்கும் காட்டாமல் நாங்கள் அளப்பதோடு கூட்டிவிடும், நாங்கள் பார்ப்பதெல்லாம் கூட்டிய தொகை, உண்மை விடை சுழியமா ஐந்தா ஐம்பதா, ஒருவருக்கும் தெரியாது. எல்லாப் பிழையையும் அலசி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டியைத் திறந்து அந்த எண்ணைக் கழிப்பது. தெரியாமல் இருப்பதுதான் காவல். விதியைச் சகாயமும் நானும்தான் எழுதினோம், கான்டீனில், வடையைப் பிய்த்துக்கொண்டே. சாவிக்காரர்களில் ஒருவருக்கு எண் தெரிந்துபோனால் அவர் விலக வேண்டும், மற்றவர் தொடரலாம். இருவருக்கும் தெரிந்துபோனால் நூற்றிருபது நாள் அளவும் குப்பை. அந்தக் கடைசி வரி அவன் எழுதியது. நான்கூடக் கேட்டேன், ரொம்பக் கடுசா இருக்கே சகாயம், கொஞ்சம் தணிச்சுக்குவோமா என்று. வேண்டாம், இருக்கட்டும், அப்பத்தான் பயம் இருக்கும் என்றான்.

நாலாயிரம். மூவாயிரத்தை எழுதினேனா, எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துதான், எழுதின ஞாபகம் இல்லை. மீட்டர் அப்படியே கிடக்கிறது. நான் கட்டிய இந்தக் கலத்தைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆறு வருஷம். ரேடியமும் ஃப்ளோரினும் ஒட்டிக்கொண்ட ஒரு மூலக்கூறு, அதை இதற்குள் விட்டு, இரண்டு தகட்டுக்கு நடுவே நிறுத்தி, மின்புலத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. ரேடியத்தின் அணுக்கரு உருண்டையாக இல்லை, பேரிக்காய் மாதிரி ஒரு பக்கம் பெருத்தது. அதில் மின்னூட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. ஒதுங்கியிருந்தால் காலம் முன்னே ஓடுவதும் பின்னே ஓடுவதும் ஒன்றில்லை, உலகத்தில் பொருள் என்று ஒன்று ஏன் மிஞ்சியது என்பதற்கு ஒரு நுனி கிடைக்கும். ஒதுங்கவில்லை என்றாலும் நல்லதுதான், இவ்வளவு தூரம் தேடியும் இல்லை என்று எழுதலாம், அதுவும் விடைதான், அதுவும் மரியாதையான விடை. அப்படித்தான் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். இந்த ரேடியம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாதியாகச் செத்துப்போகும், விமானத்தில் தவணை தவணையாக வந்ததை அளந்து முடித்தாயிற்று, இனி அதை அனுப்புகிற நாட்டில் அணு உலையைப் புதுப்பித்து நமக்கு முறை வர நாலு வருஷம். கையில் இருப்பது போன மழைக்காலத்திலிருந்து விட்டு விட்டு அளந்த அந்த நூற்றிருபது நாள் அளவு மட்டும்தான். அதற்காக ஆறு வருஷமாகத் தலையில் ஒரு ஹேர்பின் குத்தியதில்லை நான், இரும்பு ஆகாது, ஒரு ஹேர்பின்னின் காந்தம் போதும் எல்லாம் கெட, கல்யாண வீட்டுக்குக்கூட பிளாஸ்டிக் கிளிப்போடு போய் நின்று வாங்கிக்கட்டிக்கொண்டேன். அதெல்லாம் எனக்குச் சிரமமாகவே தெரியவில்லை.

ஆறாயிரம், ஏழாயிரம். இல்லை. ஒன்றும் இல்லை. ஏலே சகாயம், உன் கசிவு எங்கலே. மின்சாரத்தை உள்ளே கொண்டுபோகிற கம்பி ஒரு பீங்கான் குழலுக்குள் போகிறது, அந்தப் பீங்கான் மேல் ஈரம் படிந்தால் கொஞ்சம் மின்சாரம் கள்ளத்தனமாகக் கசியும், அந்தக் கசிவு ஒரு காந்தத்தை உண்டாக்கும், மின்புலத்தைத் திருப்பும்போது அதுவும் கூடவே திரும்பும், உண்மை விடையைப் போலவே வேஷம் கட்டும். அதற்குத்தான் பீங்கானைச் சுற்றி உலர்ந்த நைட்ரஜன் ஓடுகிற உறை போட்டிருக்கிறேன், உறையை வெல்டிங் செய்தது ரவூஃப் அண்ணன், பணிமனையில் முப்பது வருஷம் இருந்தவர். ஆகஸ்ட் கடைசியில் சகாயம் வந்து இதோ இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தான், தயங்கித் தயங்கி, எனக்கு வலித்துவிடுமோ என்கிற மாதிரி. தப்பா நெனைக்காத அரசி, மழ நாள்ல உன் பீங்கான் ஒழுகுதோன்னு சந்தேகமா இருக்கு. என்னைப் போல ஒருத்தியிடம் இதைச் சொன்னால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். நான் செய்ததில் குறை என்று யாராவது சொன்னால் அடுத்த நிமிஷமே ஆமாம் இருக்கும் என்று ஒத்துக்கொள்கிற புத்தி எனக்கு, அது அவனுக்குத் தெரியும், இருபது வருஷமாகத் தெரியும். மூன்று மாதம் கழற்றினேன். உறையைப் பிரித்தேன், பீங்கானை எடுத்தேன், கழுவினேன், சுட்டேன், அதையே பழையபடி மாட்டினேன், மறுபடி பிரித்தேன். ரவூஃப் அண்ணன் ஓய்வு பெற நாலு நாள் இருக்கும்போது பணிமனையில் எல்லோர் முன்னாலும் அவரிடம் போய், என்னண்ணே வெல்டு வச்சிருக்கீங்க, கண்ண மூடிக்கிட்டு வச்சீங்களா என்று கேட்டுவிட்டேன். என் கையால வச்சதும்மா, ஒழுகாது என்றார், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய வழியனுப்பு விழாவுக்கு எந்த முகத்தோடு போவது என்று போகவில்லை.

எண்பத்திமூன்று. ஏன் எண்பத்திமூன்று. ஒன்பதாயிரம், எழுது, ஏன் எண்பத்திமூன்று. ஈரப்பதம் எண்பதுக்கு மேல் போன நாட்களை நீக்கலாம் என்றான் முதலில். ஒரு வாரம் கழித்து, எண்பத்தைந்துதான் நியாயம், ரொம்ப நாள் போயிரும் என்றான். அப்புறம் எண்பத்திமூன்று, உலர்த்திக் கருவியின் கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கு என்றான், கையேட்டை நானும் புரட்டிப் பார்க்கவில்லை, என் மூக்கு பீங்கானுக்குள் இருந்தது. எண்பத்திமூன்று வைத்தால் முப்பத்தொரு மழை நாள் போகிறது, மீதி எண்பத்தொன்பது. நாங்கள் பார்க்கிற தொகை நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்துக்கு நகர்ந்தது, இரண்டு கூடக்குறைய இருக்கலாம் என்கிற அளவுப் பிழையோடு. நகர்ந்தபோது அதற்கு அர்த்தமே இல்லை எனக்கு. சுழியத்தை விட்டு விலகுகிறதா, சுழியத்துக்குப் பக்கத்தில் போகிறதா, பெட்டிக்குள் இருக்கிற எண் தெரிந்தால்தானே சொல்ல முடியும். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எண்பதை வைத்துப் பார்த்திருக்கிறான், பிடிக்கவில்லை, எண்பத்தைந்து, போதவில்லை, எண்பத்திமூன்று, ஆ, இது பரவாயில்லை. துணிக்கடையில் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி. நானும் கையெழுத்துப் போட்டேன். அய்யோ, நானும்தானே போட்டேன். போடும்போது மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்ததா இல்லையா, சொல்லு அரசி, மீட்டருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். இருந்தது. அவன் இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறானே, நாம் பார்க்கவில்லையே என்கிற வெட்கத்தில் அதை விழுங்கிவிட்டேன்.

பன்னிரண்டாயிரம். சாவியை அவனுக்குக் கொடுத்தது யார். நான்தான். ஜூனில் எனக்கு டெங்கு, ரத்தத்தில் தட்டணு, பிளேட்லெட் என்பார்களே அது, பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் வாயில் கசப்பும் கண்ணுக்குப் பின்னால் குத்துமாகக் கிடந்தேன். அதே வாரம் இங்கே கணினி படுத்துவிட்டது, வேறு வட்டில் மாற்றித் தொடங்க இரண்டு கடவுச்சொல்லும் வேண்டும், எண்ணைக் காட்டாது, தொடங்கத்தான் வேண்டும். போன் செய்தான். நீ வந்தப்புறம் போடலாம், ஆனா பதினஞ்சு நாள் வேல நின்னுரும் என்றான். நானேதான் சொன்னேன், எழுதிக்க, உளுந்தங்களி, ஒரே சொல், நடுவுல இடம் விடாத. உளுந்தங்களியா, ஏட்டி, இத்தன வருஷமா ரேடியத்த உளுந்தங்களிதான் காவல் காத்துச்சா என்று சிரித்தான், எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் விலா வலித்தது. வீடு திரும்பியதும் சொல்லை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. மாற்றினால் அவன் என்ன நினைப்பான் என்று இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ரத்த வங்கிக்குப் போய் எனக்காகத் தட்டணு கொடுத்தவன் அவன், ஒன்றரை மணி நேரம் இரண்டு கையிலும் ஊசியோடு படுத்துக் கிடந்திருக்கிறான். அவன் மனைவி ஸ்டெல்லா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்துவிட்டாள். பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பு, இந்த ஊருக்கு ஒரே ரயிலில் வந்தோம், இங்கே வந்து என்னலே என்று யாரையாவது கூப்பிட முடிந்தது என்றால் அது அவனைத்தான். அந்த உடம்பிலிருந்து வந்ததுதானே என் உடம்பில் ஓடியது, அப்படிக் கொடுத்தவன் எப்படி. அப்போதே திட்டமா. இல்லை, இல்லை, அது ஜூன், இது ஆகஸ்ட், அப்போது ஒன்றும் இல்லை, அப்படி நினைத்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் நினைப்பு வருகிறது. இனிமேல் அந்த இடியாப்பத்தை நினைத்தால்கூட இது வரும், அதைத்தான் தாங்க முடியவில்லை.

பதினைந்தாயிரம். கலத்துக்குள் லேசாக ஒரு சத்தம், தகடு இழுபடுகிற சத்தம், வழக்கமானதுதான். ஆகஸ்ட் பதினேழு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டிருப்பான், மத்தியானம் கோழி, ஒரு தூக்கம், அப்புறம் சும்மா ஒரு எட்டு ஆய்வகத்துக்கு என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு வந்திருப்பான். சும்மா பார்ப்போம், பார்த்துவிட்டு மூடிவிடுவோம் என்றுதான் இருந்திருக்கும். எனக்கே எத்தனை நாள் கை ஊறியிருக்கிறது. பார்த்துத் தொலைத்ததைக்கூட விட்டுவிடலாம் சகாயம், மறுநாள் வந்து அரசி நான் பார்த்துட்டேன் என்று சொல்லியிருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு மேடத்திடம் நானே கூட்டிப்போயிருப்பேன், நீ விலகியிருப்பாய், நான் தொடர்ந்திருப்பேன். அதற்குப் பதிலாக வந்து என் பீங்கானைக் குறை சொன்னாயே. என் கையை என்னையே சந்தேகப்பட வைத்தாயே. ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்டு எங்கே ஒழுகுது எங்கே ஒழுகுது என்று நான் அலைந்ததைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து டீ குடித்தாயே. நாற்பத்தைந்து சுழியத்தை விட்டு விலகுகிற பக்கம் என்று இப்போது தெரிகிறது, அவன் தள்ளிய திசையே சொல்லிவிடுகிறது, ஐயோ, இதையும் நினைக்கக் கூடாது, நிறுத்து. திசை தெரிந்தால் போகட்டும். எண் தெரியாது. எண் எனக்குத் தெரியாது. அதைப் பிடித்துக்கொள். எந்தெந்த நாளைச் சேர்ப்பது என்று ஜூலையில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட பட்டியல் இருக்கிறது, நூற்றிருபது நாளும் அதில் இருக்கிறது, ஒரு மழை நாள்கூட நீக்காதது, அவன் பெட்டியைத் திறப்பதற்கு முந்தியது. நான் ஒன்றையும் தொட வேண்டாம், அந்தப் பட்டியலை அப்படியே வைத்துத் திறக்கலாம். அவன் விலக வேண்டும், நான் தொடரலாம், விதி அப்படித்தான். சுழியம் வந்தால் சுழியம். எனக்கு அது போதும், என் கலம் நேர்மையாக அளந்தது என்று இருந்தால் போதும்.

இருபதாயிரம். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம் விட்டேன், வெளியே அடித்து ஊற்றுகிறது, மீட்டர் முள் செத்த மாதிரி கிடக்கிறது. கசிவு இல்லை என்று எழுதினேன். ரவூஃப் அண்ணன் வீடு பல்லாவரத்தில், சாயங்காலம் போக வேண்டும், காலில் விழுந்தாலும் சரி. வோல்ட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது, சகாயம், குடையை மடக்கி வெளியே சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், பண்டிகைக்கு வந்தவன் மாதிரி வந்தான். மேலே எல்லோரும் வந்தாச்சு, கேக்கெல்லாம் வாங்கி வச்சிருக்காங்க, நீ இன்னும் என்ன செய்யுத என்றான். கசிவு எவ்வளவு என்று கேட்டான். இல்லை என்றேன். அப்படியா என்று குனிந்து மீட்டரைப் பார்த்தான், அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். இருபது வருஷம் பார்த்த முகம், ஒளிக்க எனக்குத் தெரியாது.

"ஆகஸ்ட் பதினேழு" என்றேன்.

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட ஒரு சின்ன ஆறுதல் இருந்திருக்கும். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான், கண்ணாடி இல்லாமல் அவன் கண் சின்னதாக இருக்கும். ஒரே ஒரு தடவைதான் என்றான். முடியவில்லை அரசி என்றான். இதில் ஒன்றும் வரவில்லை என்றால் இந்தக் குழுவையே கலைத்துவிடுவார்கள், உன்னையும் சேர்த்துத்தான், நம் இரண்டு பேருக்கும்தான் செய்தேன் என்று என்னவெல்லாமோ சொன்னான். எனக்கு அதில் பாதி காதில் விழவில்லை, எங்கே வாய் தவறி எண்ணைச் சொல்லிவிடுவானோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. நான் சொன்னேன், ஒன்னும் சொல்லாத சகாயம், வாயத் தொறக்காத, எனக்கு இன்னும் தெரியாது, ஜூலைப் பட்டியல வச்சுத் திறக்கச் சொல்லுதேன், நீ விலகிரு, நானே உன் பக்கத்துல நின்னு மேடம்ட்ட பேசுதேன், அளவாவது பிழைக்கும். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான். நான் தொடரப் போகிறேன், அவன் மட்டும் விலகப் போகிறான் என்பது அவன் முகத்தில் மெதுவாக இறங்குவதைப் பார்த்தேன், அப்போதுகூட, அட பாவம் என்றுதான் எனக்குத் தோன்றியது, அப்படி ஒரு மடச்சி நான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். எழுந்தான்.

"நாப்பது" என்றான்.

காதைப் பொத்தக் கை பாதி வழி வந்தது, வந்து அப்படியே நின்றது. இப்ப உனக்கும் தெரியும், சொன்னா மொத்தமும் குப்ப, வா, மேல போய்ச் சேந்து திறப்போம் என்றான், ரொம்பச் சாந்தமாக, ரோட்டைக் கடக்கக் கையைப் பிடிக்கிற மாதிரி. கழிக்காதே என்றேன் எனக்குள், கழிக்காதே, கழிக்காதே, மனசு அது பாட்டுக்குக் கழித்துக்கொண்டது. நாற்பத்தைந்தில் நாற்பது போனால் ஐந்து, உலகம் திரும்பிப் பார்க்கிற ஐந்து, முப்பத்தொரு மழை நாளைத் தூக்கிப் போட்டு வாங்கின ஐந்து. நாற்பத்தொன்றில் நாற்பது போனால் ஒன்று, இரண்டு கூடக்குறைய இருக்கிற இடத்தில் ஒன்று, அதாவது ஒன்றும் இல்லை. அதுதான் விடை. என் கலம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, அதை இனி நான் எங்கே போய்ச் சொன்னாலும் எடுபடாது, தெரிந்தவள் போட்ட கணக்கு ஆகிவிட்டது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றான். முன்னால் நடந்தேன். படியில் ஈரம், யாருடைய குடையோ ஒழுகியிருக்கிறது. எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே ஏறினேன், வேறு எண் எதுவும் தலைக்குள் வராமல் இருக்க, எண்ணி முடித்தும் அந்த நாற்பது அங்கேயேதான் இருந்தது.

கூட்ட அறையில் ஏழெட்டுப் பேர், சிரித்த முகமாக, பெரிய திரையில் பெட்டியின் சாவிக் கட்டங்கள் இரண்டும் காலியாக. பார்கவி மேடம் வாங்க வாங்க என்றார். சகாயம் உட்கார்ந்து அவனுடைய கடவுச்சொல்லைத் தட்டினான், தட்டிவிட்டு விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினான். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. இவன் பார்த்துவிட்டான் என்று சொன்னால் நான் தப்பிக்கலாம், மேடம் என்னைத் தொடரச் சொல்வார், அளவு பிழைக்கும், அந்த நாற்பது என் தலைக்குள் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது, ஆறு வருஷம், வாய் வரைக்கும் வந்தது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகாயம் மட்டும் என்னைப் பார்த்தான்.

"திறக்க வேண்டாம் மேடம்" என்றேன். "எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."